கம்பளிக்குள் பட்டுப்புடவை

வார்டன் என் கழுத்தில் கையை வைத்தவர், சுட்டுக்கொண்டவர் போல எடுத்துவிட்டார்.

“என்னடா இது, இப்படி ஜில்லுன்னு கெடக்கு!”

நான் கண்ணை மூடிக்கொண்டு முனகினேன். கழுத்து வரைக்கும் கம்பளி. காரைக்குடி வெயிலில், பங்குனி மாதத்துப் பிற்பகலில், ஜன்னல் இரண்டையும் சாத்திய அறைக்குள் கம்பளி போர்த்திக் கிடக்கிறவனுக்கு ஜில்லென்று இருக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் கம்பளிக்குள்ளே இருந்தது. அப்போதுதான் அலசிய, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பட்டுப்புடவையை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

“எப்பருந்துடா இவனுக்கு இப்படி?” என்று வார்டன் என் அறைத் தோழர்களைக் கேட்டார்.

“காலையிலருந்து சார்” என்றான் சொக்கலிங்கம்.

“நேத்து ராத்திரியே லேசா இருந்துச்சு சார்” என்றான் ஜமால், அதே நேரத்தில்.

பொய் சொல்வது என்று முடிவு செய்தால் அதைக் கலந்து பேசிச் சொல்லவேண்டும் என்கிற அறிவு எங்கள் மூன்று பேருக்குமே கடைசி வரை வரவில்லை. வார்டன் நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், இனி எழுந்திருக்கமாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்தார்.

போன வாரம் எங்கள் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டும் உயிரோடு இருக்கிறீர்களே” என்று ஒரு வாசகர் வியந்திருந்தார். சாம்பாரில் பிழைத்தவன் புடவையில் போயிருப்பேன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

கொடியில் தொங்கிய மூன்று ஜாதகங்கள்

அறுபதுகளின் நடுவில் நான் காரைக்குடியில் பி.எஸ்ஸி. படித்தேன். படித்தேன் என்பது பேச்சுக்கு. ஹாஸ்டலில் ஓர் அறைக்கு மூன்று பேர். மூன்று கட்டில், மூன்று டிரங்குப் பெட்டி, ஒரே ஒரு துணிக்கொடி. ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக்கு மேலே இருந்த ஆணி வரைக்கும் அறையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு அந்தக் கொடி போகும். உள்ளே வருகிறவர்கள் தலை குனிந்துதான் வரவேண்டும்.

அந்தக் கொடியைப் பார்த்தாலே போதும், எங்கள் மூன்று பேரின் குடும்பக் கதையும் தெரிந்துவிடும்.

ஜன்னல் பக்கம் ஜமாலுடையது. அப்பாவை அவன் அத்தா என்பான்; அவர் மலேயாவில் கடை வைத்திருந்தார். நைலான் சட்டை, நைலான் பனியன், கையில் எடுத்தால் வழுக்குகிற கைலி. சட்டையைத் தண்ணீரில் முக்கித் தொங்கவிட்டுவிட்டு, பல் துலக்கி வருவதற்குள் அது காய்ந்திருக்கும். அடுத்த அறைப் பையன்களெல்லாம் அது காய்வதை வேடிக்கை பார்க்க வருவார்கள்.

நடுவில் சொக்கலிங்கம். கண்டரமாணிக்கத்து நகரத்தார் வீட்டுப் பிள்ளை. மெல்லிய மல் வேட்டிதான் கட்டுவான். காற்றடித்தால் அந்த வேட்டி எழுந்து என் முகத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும்.

கதவோரம் நான். தொண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தச்சாசாரி மகன். என் பங்குக் கொடியில் இரண்டு காடாத்துணிச் சட்டையும், ஒரு துண்டும், அந்தத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட டிராயரும் இருக்கும். ஒளித்துப் போடக் காரணம் வெட்கமல்ல. அது மாவு மூட்டைப் பையில் தைத்தது. பின்பக்கத்தில் மூட்டையின் எடை கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை. என் எடைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்பதை நான் எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியும்?

இளவரசி செங்கமலம்

ஹாஸ்டல் விழாவுக்கு நாடகம் போட்டார்கள். பையன்கள் ஹாஸ்டல் ஆயிற்றே, கதாநாயகிக்கு எங்கே போவது? மீசை முளைக்காத முகமாக ஒன்றைத் தேடினார்கள். இரண்டாம் வருஷம் முடியப்போகிறது, எனக்கு உதட்டுக்கு மேலே ஒரு கரிக்கோடு கூட விழவில்லை. தேர்தலே இல்லாமல் நான் ஜெயித்தேன்.

கதாநாயகி பெயர் இளவரசி செங்கமலம். கடைசிக் காட்சியில் விஷம் குடித்துச் சாகவேண்டும். இன்றைக்கும் அந்தக் காலத்து நண்பர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, “செங்கமலம் இருக்காளா?” என்று கேட்டுத் தொலைக்கிறார்கள். என் மருமகள் முதல் முறை எடுத்தபோது, “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டாள். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உடைகளை நாடக சாமான் வாடகைக்கு விடுகிற கடையில்தான் எடுக்கவேண்டும், வீட்டிலிருந்து ஒரு துரும்பு கொண்டுவரக் கூடாது என்பது வார்டன் உத்தரவு. கடையிலிருந்து வந்த இளவரசிப் புடவையை விரித்துப் பார்த்தோம். நடுவில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். வாடை வேறு. ஜமால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதைக் கட்டினா விஷமே வேணாம்டா” என்றான்.

அப்போதுதான் சொக்கலிங்கம் மெதுவாகச் சொன்னான். “ஆச்சிட்ட கேட்டுப் பாக்குறேன்.”

நகரத்தார் வீடுகளில் அக்காவையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அக்கா வள்ளியம்மை ஆச்சியைக் கானாடுகாத்தானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மறுநாள் அவன் பஸ்ஸில் போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தான். பைக்குள் பழைய வேட்டியில் சுற்றி, சந்தன நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. அகலமான அரக்குக் கரை. நான் தச்சன் மகன், பட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொட்டவுடன் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன்.

“பாத்துடா ஆறுமுகம்” என்றான் சொக்கலிங்கம். “இது சும்மா புடவை இல்ல.”

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே ஆச்சியின் கணவர் மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே அவர்களுக்கு வட்டிக்கடை. போனால் வருஷக்கணக்கில்தான் திரும்புவார்கள். அவர் கிளம்பிய அன்றைக்கு ஆச்சி கட்டியிருந்தது இந்தப் புடவைதான். வண்டியில் ஏறப்போனவர் திரும்பி நின்று பார்த்துவிட்டு, “இது ஒனக்கு நல்லாருக்கு” என்றாராம். கல்யாணமானதிலிருந்து அவர் ஆச்சியைப் பற்றி ஆச்சியிடமே சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் ஆச்சி அந்தப் பெரிய வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

“அயித்தான் அடுத்த வாரம் வர்றாக. வர்ற அன்னிக்கு ஆச்சி இதத்தான் கட்டணும்னு இருக்காக. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு போய்க் குடுத்துறணும்.”

“அப்புறம் ஏன்டா குடுத்தாக?” என்றேன்.

“நான் கேட்டேன்ல” என்றான். தம்பி கேட்டான், ஆச்சி கொடுத்துவிட்டார்கள். ஓர் ஆம்பளைப் பையன் மேடையில் கட்டப்போகிறான் என்று வெளியே தெரிந்தால் மாமியார் வீட்டில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சாகத் தெரியாத கதாநாயகி

நாடகம் நன்றாகத்தான் போனது, நான் சாகிற வரைக்கும்.

விஷத்துக்குப் பதிலாக வெள்ளி பூசிய கோப்பையில் நன்னாரி சர்பத் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அங்குட்டுத் தூக்கி எறிந்துவிட்டுச் சரியவேண்டும். ஒத்திகையில் வெறுங்கோப்பை. மேடையிலோ நிஜ சர்பத், அதுவும் ஐஸ் போட்டது. பங்குனி வெயிலில் காலையிலிருந்து முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு கிடந்தவன் நான். ஒரு வாய் போதவில்லை. விஷத்தை ரசித்துக் குடிக்கிற கதாநாயகியைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. நான் பதறி, கோப்பையை எறிவதற்குப் பதிலாக என் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டு செத்தேன்.

சந்தன நிறத்துப் புடவையின் முன்பக்கம் முழுக்க நன்னாரி. கழுத்துப் பக்கம் ரோஸ் பவுடரும் வியர்வையும். பிணமாகக் கிடந்தபடியே சொக்கலிங்கத்தைப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் அவன் என்னைவிட நன்றாகச் செத்திருந்தான்.

உப்புத் தண்ணீர் மேதை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சலவைக்குப் போடலாம் என்றால், ஹாஸ்டலுக்குத் துணி எடுக்க வருகிறவர்தான் வார்டன் வீட்டுக்கும். வார்டனோ சொக்கலிங்கத்தின் ஊர்க்காரர், அவன் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சிநேகிதர். புடவை சலவைக்குப் போனால் செய்தி கண்டரமாணிக்கத்துக்குப் போய்விடும். நாமேதான் துவைக்கவேண்டும்.

“எங்க வீட்ல பட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊற வச்சுத்தான் போடுவாக” என்றான் ஜமால்.

“நான் துவைக்காத துணியாடா?” என்றேன்.

அந்த அகம்பாவத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆஸ்துமா. மூத்தவன் என்பதால் சின்ன வயதிலிருந்தே துணி துவைப்பது என் வேலை. எங்கள் ஊர்க் கிணறெல்லாம் கடற்கரைக் கிணறு. அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாதிக் கட்டி சோப்பைக் கரைத்து, மேலே ஒரு கை சோடாவும் போட்டு, கை வலிக்கத் தேய்த்தால்தான் பெயருக்குக் கொஞ்சம் நுரை எட்டிப் பார்க்கும். அதுதான் துவைக்கிற முறை என்று நான் நினைத்திருந்தேன். உலகத்தில் தண்ணீருக்குத் தண்ணீர் வித்தியாசம் உண்டு என்பது பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவனுக்குத் தோன்றவில்லை.

காரைக்குடித் தண்ணீர் கற்கண்டுத் தண்ணீர். சோப்பைக் காட்டினாலே நுரைக்கும்.

எல்லோரும் மேட்னி ஷோவுக்குக் கிளம்பிய பிறகு, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாளியில் பாதிக் கட்டி பார் சோப்பையும் சோடாவையும் கரைத்தேன். புடவையை முக்கி இரண்டு கசக்குக் கசக்கினேன். நுரை வந்தது. வாளியை விட்டு வெளியே வந்தது. என் முழங்கால் வரை வந்தது. கதவுக்கு அடியில் புகுந்து வராந்தாவுக்கும் போனது. வெளியே காவல் நின்ற சொக்கலிங்கம், “டேய், என்னடா செய்யுற உள்ள? இங்குட்டெல்லாம் வருது!” என்று கத்தினான்.

அலசினேன். நுரை போகவில்லை. மறுபடி அலசினேன். தொட்டியில் இருந்த தண்ணீரெல்லாம் தீர்ந்தும் நுரை தீரவில்லை. கடைசி அலசலில் தண்ணீர் லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது. வெயிலில் வந்த கண் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்னாரிக் கறை போயிருந்தது, அந்தச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

பையன்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு புடவை காய்ந்தால் ஊர் என்ன பேசும்? அறைக்குள்ளேயே கொடியில் விரித்தோம். ரோட்டுப் பக்க ஜன்னலும் சாத்து, வராந்தாப் பக்க ஜன்னலும் சாத்து. ஜமாலின் நைலான்களும், சொக்கலிங்கத்தின் மல் வேட்டிகளும், என் மூட்டைப் பை டிராயரும் கட்டிலுக்கு இறங்கி இடம் விட்டன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சொட்டி வழுக்கிற்று. மூன்று பேரும் பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று விசிறினோம். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி யாரும் விசிறியிருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

“சொக்கலிங்கம்! கதவத் தெறடா. அந்தப் புடவை யாரு புடவைடா?”

வார்டன் நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குப் புடவையைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும், “அது வாடகைப் புடவை மாதிரி தெரியலையே” என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள்.

சொக்கலிங்கத்துக்குக் கை கால் ஓடவில்லை. ஜமால்தான் கொடியிலிருந்து புடவையை உருவினான். எங்கே ஒளிப்பது? பெட்டியில் புத்தகம். கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தால் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். நான்தானே கதாநாயகி! ஈரப் புடவையை என்மேல் சுற்று சுற்றென்று சுற்றி, கட்டிலில் தள்ளி, சொக்கலிங்கத்தின் கம்பளியைப் போட்டு மூடினான்.

வார்டனின் டைபாய்டு

வந்த விஷயத்தை வார்டன் மறந்தே போனார். கோபமாக வந்தவர் கழுத்தில் கை வைத்த நிமிஷத்திலேயே தகப்பனாக மாறிவிட்டார். அவர் இரண்டு அதட்டு அதட்டிவிட்டுப் போயிருந்தால் பிழைத்திருப்போம். அவருடைய நல்ல மனசுதான் எங்களைக் கவிழ்த்தது.

“தம்பி, பயப்படாத. நான் இன்டர் படிக்கையில எனக்கும் இப்படித்தான். மொதல்ல ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் தூக்கும். டைபாய்டு.”

அவர் தன் டைபாய்டைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். எந்த வைத்தியர் வந்தார், என்ன கஷாயம் கொடுத்தார், தலைமுடி எப்படிக் கொட்டியது, அவருடைய தகப்பனார் எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். நான் கம்பளிக்குள் நடுங்கினேன். அது நிஜ நடுக்கம். ஈரப் பட்டு முதுகில் ஒட்டிக்கொண்டு, அக்குளில் சுருண்டு, இடுப்பில் நெருக்கியது. கொஞ்ச நேரத்தில் கம்பளியின் சூடும் சேர்ந்து உள்ளே புழுங்க ஆரம்பித்தது.

“பாத்தியா, வேர்க்குது. நல்லதுதான்” என்று வார்டன் மகிழ்ந்தார். கம்பளி விளிம்பை என் தாடைக்குக் கீழே இன்னும் இறுக்கிச் செருகினார். “இன்னும் ரெண்டு நாளைக்கு இவன எழுப்பாதீக. ஜன்னலைத் தெறக்காதீக. காத்துப் படக்கூடாது. மெஸ்ஸுல கஞ்சியும் வெந்நீரும் குடுக்கச் சொல்லுறேன்.”

அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்கிற வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பிறகு ஜமால் கம்பளியை விலக்கினான். மூன்று பேரும் பார்த்தோம்.

அரக்குக் கரை ஈரத்தில் அழுந்தி, சுற்றுக்குச் சுற்று சந்தனப் பட்டில் அச்சடித்திருந்தது. புடவை முழுக்கத் திட்டுத் திட்டாக அரக்கு. என் மார்பிலும் வயிற்றிலும் குறுக்காக அரக்குப் பட்டை. சந்தனம் என்று சொல்ல ஒரு முழம் கூட மிச்சமில்லை.

சொக்கலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான். “நான் ஆச்சி மூஞ்சில எப்புடிடா முழிப்பேன்?” என்றான். அவன் அழுதான். வருஷக்கணக்காகக் காத்திருக்கிற ஒருத்திக்கு அந்தப் புடவை எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான், அப்பா கொழும்பில் மர வேலைக்குப் போயிருந்த காலத்தில், அவர் போட்டுப் போன பழைய செருப்பை யாரையும் தொடவிடமாட்டார்கள்.

மருதாணி வைத்தியம்

யோசனை சொன்னது ஜமால். “திட்டுத் திட்டா இருந்தாத்தானே கறை? முழுசும் அரக்காக்கிட்டா அது கலரு.”

இதைவிடப் பெரிய அறிவாளித்தனம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. சந்தைக்குப் போய்ச் சாயப்பொடி வாங்கி வந்தான். வெந்நீருக்குக் கவலையில்லை, என் காய்ச்சலுக்கு வார்டன் உத்தரவுப்படி மெஸ்ஸிலிருந்து வாளி வாளியாக வந்தது. ஜன்னல்களும் அவர் உத்தரவுப்படியே சாத்தியிருந்தன. காய்ச்சல்காரன் எழுந்து உட்கார்ந்து, முழங்கை வரை சாயத்தில் விட்டு, புடவையைப் புரட்டிப் புரட்டி முக்கினேன்.

மறுபடி கொடியில் போட்டோம். இந்த முறை கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விசிறினோம்.

ஒரு மாதிரி அரக்காகத்தான் வந்தது. முந்தானைப் பக்கம் அரக்கு, நடுவில் நாவல்பழம், மடிப்பு வருகிற இடத்தில் கத்திரிக்காய். இருட்டில் பார்த்தால் ஒரே நிறம்.

மறுநாள் வார்டன் காய்ச்சல் பார்க்க வந்தார். புடவை காய்ந்து மடித்து, என் தலையணைக்கு உள்ளே போயிருந்தது. கம்பளியை விலக்கி நாடி பிடிக்கப் போனவர், என் கையைப் பார்த்துத் திகைத்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்பு.

“என்னடா இது கையில?”

“மருதாணி சார்” என்றேன். “ஒடம்புச் சூட்டுக்கு.”

வார்டன் சற்று நேரம் என் கையையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “நல்லதுதான். உள்ளங்காலுலயும் வச்சிரு.”

போகும்போது வாசலில் நின்று, “ஆமா, அந்தப் புடவை...” என்று ஆரம்பித்தார். நான் இருமினேன். அவர் அப்படியே போய்விட்டார்.

கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டு

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். சொக்கலிங்கம் தனியாகப் போகமாட்டேன் என்றுவிட்டான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில் இருக்கிற வீடு அது. பின்வாசல் வழியாகப் போனோம்.

வள்ளியம்மை ஆச்சி வெளியே வந்தார்கள். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்திருப்பார்கள். “வாங்க தம்பி, நீங்கதான் இளவரசியா?” என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஓடிவிடலாம் போல் இருந்தது.

சொக்கலிங்கம் பையை நீட்டினான். ஆச்சி புடவையை எடுத்தார்கள். பிரித்தார்கள். வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள்.

“இது யாரு புடவைடா?”

ஆச்சி கரையைப் பார்த்து, முந்தானையில் இருந்த ஜரிகையைப் பார்த்து, அது தன்னுடையதுதான் என்று கண்டுகொண்டார்கள். அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் புடவையை மடியில் வைத்துத் தடவினார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நடந்ததையெல்லாம் உளறிக் கொட்டினேன். நன்னாரி, நுரை, டைபாய்டு, மருதாணி எல்லாவற்றையும். ஆச்சி கேட்டார்களா என்றே தெரியவில்லை.

புடவையை மடித்து வைத்துவிட்டு, “சாப்புட்டீகளா?” என்றார்கள்.

இல்லை என்றோம். உள்ளே கூட்டிப்போய் இலை போட்டார்கள். குற்ற உணர்ச்சியில் சோறு இறங்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். இறங்கியது. இரண்டு முறை குழம்பு வாங்கினேன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றித்தான் போன வாரமே சொன்னேனே. ஆச்சிதான் பரிமாறினார்கள். கண் மட்டும் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் புடவையைப் பற்றிச் சொக்கலிங்கத்திடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவுக சொன்னது

எழுபதுகளின் தொடக்கத்தில் சொக்கலிங்கத்துக்குக் கல்யாணம். அதற்குள் எனக்கு வேலை கிடைத்திருந்தது, மீசையும் வந்திருந்தது. ஆச்சியின் கணவரும் மலேயாக் கடையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் கானாடுகாத்தான் வீட்டுக்கு என்னையும் ஜமாலையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

முகப்பில் சாய்வு நாற்காலியில் அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சாதுவான மனிதர். “வாங்க வாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி பத்திரிகைக்குள் போய்விட்டார். ஆச்சி மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு அடக்க முடியவில்லை.

“ஆச்சி, அன்னிக்கு அந்தப் புடவை...”

“கட்டுனேனே தம்பி” என்றார்கள். “வேற எதுக்கும் மனசு வரலை. அத்தன கலரா இருந்தாலும் அதுதானே அதுன்னு கட்டிக்கிட்டுத்தான் வாசல்ல நின்னேன். எங்க மாமியா பாத்துட்டு, இந்தக் கலரு எடுப்பா இருக்கேன்னாக.”

“அண்ணன் என்ன சொன்னாக?”

ஆச்சி சாய்வு நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள்.

“வந்தாக, பெட்டிய எறக்குனாக, தண்ணி குடிச்சாக. ஒண்ணும் சொல்லலை. நானும் ரெண்டு நாளு பாத்தேன். எனக்குப் பயம், எங்க கண்டுபிடிச்சுக் கேட்டுருவாகளோன்னு. அப்புறம் பொறுக்க மாட்டாம நானே கேட்டேன். நீங்க கப்பலுக்குக் கெளம்புன அன்னிக்கு நல்லாருக்குன்னு சொன்னீகளே, அது என்ன கலருன்னு தெரியுதான்னு. தெரியாம என்னன்னாக.”

“என்ன கலர்னாக?” என்றான் ஜமால்.

“பச்சைன்னாக.”

நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மோர் டம்ளரைப் பார்த்தோம். ஆச்சி சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார்கள்.

“எங்கிட்ட அதுவரைக்கும் ஒரு பச்சைப் புடவையே கெடையாது தம்பி.”

அப்புறம் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள்: “ஒங்க மூணு பேரையும் நான் அன்னிக்கு எலையில சோறு போடையிலயே மன்னிச்சுட்டேன். இவுகளத்தான் இன்னும் மன்னிக்கலை.”

“பச்சைதான்” என்றார் அவர், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.